கெய்சரின் இடக்கை

ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியத்தின் படங்களை உற்று நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். அவரது இடக்கை பெரும்பாலும் வாளின் பிடிமீதோ, கையுறையைப் பற்றியபடியோ இருக்கும். வலக்கையைவிட அது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குறுகியது. போர்க்களத்தில் பட்ட காயமன்று அது. பிறக்கும்போதே நேர்ந்த ஊனம்.

1859ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பெர்லினில் இளவரசி விக்டோரியாவுக்குப் பிரசவ வலி கண்டது. இங்கிலாந்து அரசியாரின் மூத்த மகளாகிய அவருக்கு அப்போது வயது 18, தலைப்பிரசவம். குடும்ப வைத்தியர் வெக்னர், குழந்தையின் தலை கீழிராமல் பிருட்டம் முன்னே இருப்பதைக் கண்டார். பிரசவ வைத்தியத்தில் பேர்பெற்ற மார்ட்டின் என்பாரை அழைக்க எழுதிய கடிதம், ஆள் வசம் போகாமல் தபாலில் போயிற்று என்பர். அவர் வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை மணி 10.

பிற்பகல் மூன்று மணியளவில் குழந்தையின் உடல் வெளிப்பட்டது. கொப்பூழ்க்கொடியின் துடிப்போ தளர்ந்து விட்டுவிட்டு அடித்தது. இத்தகைய பிறப்பில் தலை உள்ளே நிற்கும்போதே கொடி நசுங்கிப் பிராணவாயு தடைப்படும். பிறகு கணக்கெல்லாம் நிமிடங்களே. இடக்கை தலைக்குப் பின்னே மேல்நோக்கிக் கிடந்தது. மார்ட்டின் அதை வலிந்து கீழே இழுத்தார். அக்கையையே பற்றி உடலைத் திருப்பி, வலக்கையையும் விடுவித்தார். கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் அப்போது கிழிந்தது. இவ்வகை வாதத்தை எர்ப் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கி எழுதியது 1874இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிந்தி.

இதனைக் கவனக்குறைவு என்னலாமா? வயிற்றைக் கிழித்து எடுத்திருக்கலாமே எனின், அக்காலத்தில் அது பெரும்பாலும் தாயைக் கொன்றுவிடும். இழுக்காது விட்டிருந்தால் குழந்தை மாண்டிருக்கக் கூடும். கடிதம் தாமதித்தது குறையே. ஆயினும் மார்ட்டின் வந்தபின்னும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இருந்தது. ஆகவே கை போனது தபாலால் என்று தீர்ப்புக் கூறுதல் நேர்மையாகாது. குறை வேறு, ஊனத்தின் காரணம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் இன்றும் பலர்.

உண்மையான குறை அதற்கடுத்த சில நிமிடங்களில் இருக்கிறது. பிறந்த சிசு அழவில்லை. மார்ட்டின், மயங்கிக் கிடந்த தாயைக் கவனிக்கலானார். சிசுவின் மௌனம் நீடிக்கவே, அனைவரும் பதறினர். இறுதியில் ஸ்டால் என்னும் மருத்துவச்சி, அருகிருந்தோர் முகம் சுளித்தும் பொருட்படுத்தாமல் ஓங்கி அடித்து அழவைத்தாள். பட்டம் பெற்றோர் நிறைந்த அறையில் செய்யத்தக்கதைச் செய்தவள் அவளே!

இங்கிலாந்து வைத்தியர் ஒருவரே கையைக் கெடுத்தார் என்ற பேச்சு பின்னாளில் எழுந்தது. அங்கிருந்த ஆங்கிலேயராகிய கிளார்க் குளோரோபாரம் கொடுத்தவர். இழுத்த கை ஜெர்மானியருடையது. அரசியற் பகை பிரசவ அறையையும் விடவில்லை போலும்.

பின்பு நடந்த சிகிச்சைகள் கொடியவை. அப்போதே கொன்ற முயலின் உடலுக்குள் அக்கையைச் செருகி வைத்தனர், மின்சாரம் பாய்ச்சினர், நல்ல கையை உடலோடு கட்டி, ஊனக் கையைப் பழக்க முயன்றனர். கிழிந்த நரம்பு எதற்கும் இணங்கவில்லை. விழுந்து விழுந்து எழுந்து அவர் குதிரையேற்றம் கற்றார். உணவு மேசையிலோ, கத்தியும் முட்கரண்டியும் ஒன்றாய் இணைந்த தனிக் கருவியை வலக்கையால் பிடித்தே உண்டார்.