நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய வியாபாரம்

1891-இல் பாஸ்டன் நகரத்து பெயின் வெபர் தரகு நிறுவனத்தில் ஜெஸ்ஸி லிவர்மோர் என்ற 14 வயதுப் பையன் வேலைக்குச் சேர்ந்தான். பங்கு விலைகளை அச்சடிக்கும் டிக்கர் இயந்திரத்தின் காகித நாடாவைப் பார்த்து ஒருவர் விலைகளை உரக்கச் சொல்வார். அவற்றைப் பலகையில் எழுதுவது அவன் வேலை. எழுத எழுத, பங்குகள் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முன்னால் விலைகளில் ஒரு போக்கு தெரிவதாக அவனுக்குப் பட்டது. சின்ன நோட்டு ஒன்றில் விலைகளைக் குறித்தான். அடுத்து எந்தப் பக்கம் போகும் என்று கணித்தான். கணிப்பு பலித்ததா என்று சரிபார்த்தான். கையில் இருந்து ஒரு காசு போடவில்லை.

கற்பனைப் பணத்தில் வாங்கி விற்று, காகிதத்திலேயே லாப நட்டம் போட்டுப் பார்ப்பது அந்தக் காலத்து மனிதர்களிடம் இருந்த பழக்கம்தான். லிவர்மோரின் வாழ்க்கையை வைத்து எட்வின் லெஃபெவ்ர் எழுதி 1923-இல் வெளிவந்த ‘ரெமினிசன்சஸ் ஆஃப் எ ஸ்டாக் ஆபரேட்டர்’ நூலிலும் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. இன்று செல்போனில் திறக்கும் டெமோ கணக்கின் மூதாதை அந்த நோட்டு.

நோட்டில் தேறியவன் அடுத்து பக்கெட் ஷாப்புக்குப் போனான். அங்கே பங்கு கைமாறாது, ஆர்டர் எந்தச் சந்தைக்கும் போகாது. டிக்கர் விலை ஏறுமா இறங்குமா என்று வாடிக்கையாளர் பணம் கட்டுவார். எதிர்ப்பக்கம் கடைக்காரரே நிற்பார். நாடாவில் கடைசியாக அச்சான விலை எதுவோ, அதே விலை அப்படியே கிடைக்கும். பர்லிங்டன் ரயில்வே பங்கில் அவனுடைய முதல் லாபம் 3 டாலர் 12 சென்ட். பிறகு விடாமல் ஜெயித்ததால் கடைகள் அவனைச் சேர்க்கவே மறுத்தன.

நியூயார்க் போய் உண்மையான தரகரிடம் வியாபாரம் செய்தபோது அதே ஆள் தோற்றான். அவன் நாடாவைப் பார்த்து ஆர்டர் கொடுப்பான். அது பரிவர்த்தனைக் கூடத்தை எட்டுவதற்குள் விலை நகர்ந்துவிட்டிருக்கும். கணிப்பு சரியாக இருந்தும் பணம் கரைந்தது. எழுதியிருக்கும் விலை வேறு, கைக்குக் கிடைக்கும் விலை வேறு.

அந்த இடைவெளி இன்றும் மூடவில்லை. இணையத் தரகு வந்தபின் நோட்டு திரைக்கு மாறியது. அந்நியச் செலாவணி வர்த்தக நிறுவனங்கள் ஆள் சேர்க்க இலவச டெமோவை முன்னால் வைத்தன. 2005-இல் வந்த மெட்டாடிரேடர் 4 மென்பொருளில் சில நிமிடங்களில் கற்பனைப் பணத்தோடு உட்கார்ந்துவிடலாம். அந்த ஆர்டரும் சந்தைக்குப் போவதில்லை. ஒரு சிறிய நிறுவனத்தின் 5,000 பங்குகளை 100 ரூபாய்க்குக் கேட்டால், பல டெமோக்களில் அத்தனையும் 100 ரூபாய்க்கே கிடைக்கும். நிஜச் சந்தையில் அந்த விலைக்கு 200 பங்குதான் விற்பனைக்கு நிற்கலாம், மிச்சத்தை 100.40, 101 என்று ஏறி ஏறி வாங்க வேண்டியிருக்கும். தரகுக் கட்டணமும், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடியும் அதற்கு மேல்.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி இந்தக் கற்பனை வர்த்தகத்தை உன்னிப்பாகவே பார்க்கிறது. மெய்நிகர் வர்த்தக விளையாட்டுத் தளங்களுக்குச் சந்தையின் உடனடி விலைத் தரவைத் தரக் கூடாது என்று 2024 மே மாதம் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு அது வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தை நிஜப் பணத்தில் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள். இந்தக் கணக்கைப் பார்த்தபின், பழகாமல் இறங்கு என்று யாருக்கும் சொல்ல எனக்கு மனம் வராது.

அதனால் டெமோவில் பழகுங்கள், ஆனால் அந்தப் பையனைப் போல எழுதிப் பழகுங்கள். திரை தருகிற 10 லட்சம் கற்பனை ரூபாயை மறந்து, உண்மையில் போடப்போகும் தொகையை மட்டும் கணக்கில் வையுங்கள். ஏன் வாங்கினேன், நட்டத்தை நிறுத்திக்கொள்ளும் ஸ்டாப் லாஸ் விலை எங்கே, எப்போது வெளியேறுவேன் என்பதை ஆர்டருக்கு முன்பே எழுதுங்கள். விலை சற்றுப் பாதகமாகவே கிடைத்ததாக வைத்து, கட்டணங்களையும் கழியுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பல மாதக் கணக்கு லாபத்தில் நின்றால், ஒரே ஒரு பங்கை நிஜமாக வாங்கிப் பாருங்கள். ஆர்டர் பட்டனை எங்கே அழுத்துவது, விதியை எப்படி எழுதுவது என்பதை டெமோ கற்றுத்தரும். சொந்தக் காசு குறையும்போது அந்த விதியைக் காப்பாற்ற முடிகிறதா என்பதை அந்த ஒரு பங்கு சொல்லிவிடும்.