பங்குக் கிணறும் பிபிசி கம்ப்யூட்டரும்

நேத்து ராத்திரி கட்டில்ல படுத்தபடியே போன்ல தோட்டத்து மோட்டாரை நிறுத்தினேன். நான் முதன்முதலா எழுதின புரோகிராமும் மோட்டாரைப் பத்தினதுதாங்க.

1984ல மத்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு திட்டம் கொண்டுவந்து, முதல்ல சுமார் 250 பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தது. இங்கிலாந்துல ஏகார்ன் கம்பெனி 1981ல வெளியிட்ட பிபிசி மைக்ரோ. ரெண்டு வருசம் கழிச்சு நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கும் வந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். மொத்த நினைவகமே 32 கேபி. படம் வரையற சில மோடுகள்ல திரையே அதுல 20 கேபியைத் தின்னுடும். பேசிக் மொழியில வரிகளுக்கு 10, 20, 30னு நம்பர் போடுவோம். பின்னாடி நடுவுல ஏதாவது சேர்க்கணும்னா இடம் வேணுமே. ஊடுபயிருக்கு இடைவெளி விடற மாதிரிதான்.

அப்போ எங்க பங்குக் கிணத்துத் தண்ணியில தகராறு. பெரியப்பாவுக்குப் பாதி, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கால் கால். கணக்கு சுலபம்தான், கரண்ட் போன நேரத்தை யார் முறையில கழிக்கிறதுங்கறதுலதான் சண்டை. அப்பாவும் பெரியப்பாவும் பேசி ஆறு மாசமாச்சு. விடுபட்ட மணியை அடுத்த முறையில சேர்த்துக் கொடுக்கற மாதிரி நாலு வாரம் ஒக்காந்து புரோகிராம் எழுதினேன். தப்பா பிரேக் கீயை அழுத்திட்டாக்கூட 'ஓல்டு'னு அடிச்சா புரோகிராம் திரும்பி வந்துடும். ஆனா கரண்ட் போனா ஒண்ணுமே மிஞ்சாது. கேசட்ல சேமிக்கறதுக்கு முன்னாடி போயிடுச்சு. எதுக்காகச் சண்டையோ அதே கரண்ட்!

அன்னிக்கு ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல கையாலயே கணக்குப் போட்டு, கட்டம் கட்டி, ஒரு மாசத்து அட்டவணை எழுதினேன். காலையில பெரியப்பாகிட்ட நீட்டினேன்.

"மிசினு போட்ட கணக்காடா?"

"ஆமாங்க பெரியப்பா."

ரொம்ப நேரம் பார்த்தார். "அதுக்கென்ன, அதுக்குப் பங்காளியா பகையாளியா" என்று சொல்லி மோட்டார் ரூம் கதவுல ஒட்டச் சொன்னார். மாசாமாசம் புதுசு எழுதி ஒட்டினேன். கிணறு வத்தற வரைக்கும் அந்தக் கணக்குப்படிதான் தண்ணி பாஞ்சது.

அதே ஏகார்ன் 1985ல உருவாக்கின ஏஆர்எம் சிப்போட வாரிசுதான் இப்ப என் போனுக்குள்ள இருக்கு. பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருசமாச்சு. அது என் கையெழுத்துக் கணக்குனு கடைசிவரை அவர்கிட்ட நான் சொல்லலீங்க.