ஐந்து கதைகளும் ஓர் அச்சமும்

சிறு கதைகள் பலவற்றை ஒரே படமாகக் கோத்துத் தரும் திகில் சித்திரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விதமான தீர்ப்பைத்தான் வழங்குகிறார்கள்: இந்தக் கதை அபாரம், அந்தக் கதை சுமார், நடுவே வந்தது வீண். அவ்வகைப் படங்கள் எவ்வளவு பழமையானவையோ அவ்வளவு பழமை இந்தத் தீர்ப்புக்கும் உண்டு. ஆனால் அவற்றின் சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு ஆராய்கிறவனுக்கு, கதைக்குக் கதை காணப்படும் ஏற்றத்தாழ்வு படைத்தவர்களின் அசட்டையால் மட்டும் நேர்வதில்லை என்பதும், மெலிந்ததென்று நாம் ஒதுக்குகிற கதையே சில சமயங்களில் முழுப் படத்தையும் தாங்கி நிற்கிறது என்பதும் புலப்படும்.

இவ்வகைப் படங்கள் மௌனப் பட காலத்து ஜெர்மனியிலேயே செழித்தன. 1919-இல் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் என்ற டைரக்டர் ஐந்து அமானுஷ்யக் கதைகளை ஒரே படமாக்கினார். பழைய புத்தகக் கடை ஒன்றின் சித்திரங்களிலிருந்து சாவும் சாத்தானும் வேசியும் இறங்கி வந்து, இரவெல்லாம் கதை படிப்பதாக அமைந்த தாய்க்கதையில் அந்த ஐந்து கிளைக்கதைகளும் தொடுக்கப்பட்டிருந்தன. ஐந்து வருஷங்களுக்குப் பின்னர் பால் லெனி எடுத்த மெழுகுப் பொம்மைக் காட்சிசாலைப் படத்தில், பொம்மைகளைப் பற்றிக் கதை எழுதித் தரும்படி காட்சிசாலைக்காரர் ஓர் இளங்கவிஞனை வேலைக்கு அமர்த்துகிறார். பாக்தாத் நகரத்துக் கலீபா ஹாரூன் அல் ரஷீதின் கதை நகைச்சுவையோடு நீண்டுகொண்டே போகிறது. ருஷிய மன்னன் இவானின் கதை அதைவிடச் சுருங்கி விடுகிறது. கத்தியோடு துரத்தி வரும் ஜாக் என்னும் கொலைகாரனின் கதையோ சில நிமிஷங்களில் முடிந்துபோகிறது. நான்காவதாகத் திட்டமிட்டிருந்த கொள்ளைக்காரன் ரினால்டினியின் கதை, பணத்தட்டுப்பாட்டினால் எடுக்கப்படவே இல்லை. அவனுடைய பொம்மை மட்டும் படத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அளவில் மிகச் சிறியதான ஜாக்கின் கதையே, உருவத்தின் மேல் உருவம் படியும் அதன் சொப்பனத் தோற்றத்தால், மற்ற இரண்டையும்விட அதிகமாக நெஞ்சைக் கலக்குகிறது என்பது, திகிலுக்கும் கதையின் நீளத்துக்கும் உள்ள சம்பந்தத்தை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டது.

இந்த வகையின் சிகரம் என்று பலராலும் கொண்டாடப்படுவது, மைக்கேல் பால்கனின் நிர்வாகத்தில் லண்டன் ஈலிங் ஸ்டூடியோ 1945-இல் வெளியிட்ட 'டெட் ஆஃப் நைட்'. யுத்தத்தின் பிற்பகுதியில் திகில் படங்களுக்குப் பிரிட்டிஷ் தணிக்கையாளர் இடம் கொடாதிருந்தபடியால், சமாதானம் வந்த வருஷத்தில் வெளியான இந்தப் படத்துக்கு ஒரு தனி விசேஷம் ஏற்பட்டது. வால்ட்டர் கிரெய்க் என்ற கட்டடச் சிற்பி கிராமப்புறத்து வீடு ஒன்றுக்கு வந்து சேருகிறார். அந்த வீட்டையும் அங்கே கூடியிருக்கும் மனிதர்களையும் கனவில் பலமுறை கண்டிருப்பதாகவும், அந்தக் கனவு பயங்கரத்தில் முடியும் என்று அஞ்சுவதாகவும் அவர் சொல்ல, பகுத்தறிவுவாதியான ஒரு மனோதத்துவ டாக்டர் அதை மறுக்க, மற்றவர்கள் தத்தம் அனுபவங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார்கள்.

தாய்க்கதையையும் சவ வண்டிக்காரன் கதையையும் பேஸில் டியர்டனும், கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் பேசும் பொம்மையின் கதையையும் ஆல்பர்டோ கவல்காண்டியும், மாயக் கண்ணாடியின் கதையை ராபர்ட் ஹேமரும், கோல்ஃப் ஆட்டக்காரர்களின் கதையைச் சார்லஸ் கிரைட்டனும் டைரக்ட் செய்தார்கள். சவ வண்டிக்காரன் கதைக்கு ஈ. எஃப். பென்சனின் சிறுகதை மூலம். கோல்ஃப் கதை ஹெச். ஜி. வெல்ஸின் கதை ஒன்றைத் தழுவியது. வேறொருவனின் அறையையும் அவனுடைய கொலைவெறியையும் பிரதிபலிக்கும் கண்ணாடியையும், ஹ்யூகோ என்ற பொம்மைக்குத் தன்னையே பறிகொடுத்துச் சித்தம் கலங்கும் கலைஞனாக மைக்கேல் ரெட்கிரேவ் நடித்த நடிப்பையும் பார்த்தவர்கள் லேசில் மறப்பதில்லை. இவற்றுக்கு நடுவில் ஒரு பெண்ணுக்காகப் பந்தயம் ஆடும் இரண்டு கோல்ஃப் நண்பர்களின் கதை, தோற்று ஏரியில் மூழ்கியவன் ஆவியாகத் திரும்பி வந்து, மறைந்துபோகும் வித்தையை மறந்து திண்டாடும் வெறும் ஹாஸ்யமாகத் தோன்றுவதால், விமரிசகர் பலர் அதையே படத்தின் களங்கமாகக் குறித்தார்கள்.

இந்த அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் 1946-இல் அமெரிக்காவில் வாய்த்தது. அங்கே படத்தை வெளியிட்டவர்கள் கோல்ஃப் கதையையும் கிறிஸ்துமஸ் விருந்துக் கதையையும் அடியோடு வெட்டிவிட்டார்கள். சுமாரானவற்றை நீக்கினால் சிறந்தவை மட்டும் மிஞ்சும் என்று எண்ணுவது இயல்புதான், நடந்ததோ வேறு. கிரெய்க் தம் கனவின் உச்சத்தில், அதுவரை கேட்ட கதைகளுக்குள்ளேயே அகப்பட்டு ஓடுகிறார். விருந்து வீட்டின் கண்ணாமூச்சி ஆட்டமும் அந்தச் சுழலில் வருகிறது. அந்தக் கதையைப் பார்த்திராத அமெரிக்க ரசிகர்களுக்கு இறுதிக் கட்டம் புரியாத புதிராகிவிட்டது. கோல்ஃப் கதை போனதால் நேர்ந்த நஷ்டம் இன்னும் சூட்சுமமானது. கண்ணாடிக் கதையின் இறுக்கத்துக்குப் பிறகு ரசிகனைச் சற்றே சிரிக்கவைத்து, அவன் உஷார் குலைந்திருக்கும் சமயத்தில் ஹ்யூகோவை எதிரே கொண்டுவந்து நிறுத்தும் காரியத்தை அந்த ஹாஸ்யம்தான் செய்து வந்தது. பயம் என்ற ரஸம் இடைவிடாமல் நீடித்தால் மரத்துப்போகும் என்பதை ஈலிங்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தப் படத்தின் பாதிப்பில் முளைத்தவைதான் மில்டன் ஸபாட்ஸ்கி, மாக்ஸ் ரோஸன்பர்க் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இங்கிலாந்தில் நடத்திய அமிகஸ் கம்பெனியின் தொகுப்புப் படங்கள். 1965-இல் வெளியான முதல் படத்தில், ரயில் பெட்டியில் ஏறிய ஐந்து பிரயாணிகளுக்குப் பீட்டர் குஷிங் சீட்டுகளைப் பரப்பி ஆரூடம் சொல்லுகிறார். பிரசித்தி பெற்ற நடிகர்களைச் சில நாட்களுக்கு மட்டும் அமர்த்தி, பல பெயர்களை ஒரே விளம்பரத்தில் காட்டுவதற்கு இந்த அமைப்பு சௌகரியமாக இருந்தது. ஒருவரே எழுதி, ஃபிரெடி ஃபிரான்சிஸ் ஒருவரே டைரக்ட் செய்த படம் அது. ஆயினும் வெட்டுண்ட கை தன்னைச் சிதைத்தவனைத் துரத்தும் கதைக்கும், வீட்டைச் சூழ்ந்துகொள்ளும் கொடியின் கதைக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஆகவே டைரக்டர்கள் பலராக இருப்பதுதான் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்று சொல்வது பொருந்தாது. அச்சம் ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு நீளம் உண்டு. ஒரே பிடிமானத்தில் நிற்கும் கதையைப் படத்தின் பங்கீட்டுக்காக இழுக்கும்போது அது தொய்ந்து போகிறது.

அதே கம்பெனி 1972-இல் வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' இதற்கு மறுபுறத்தைக் காட்டுகிறது. அண்டை வீட்டாரின் கொடுமையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஏழைக் கிழவர் கிரிம்ஸ்டைக்காக, முந்திய வருஷத்தின் தொடக்கத்தில் தம் மனைவியை இழந்திருந்த குஷிங் நடித்தார். சாமானியமான பழிவாங்கும் கதையாக முடிந்திருக்க வேண்டியது, அவருடைய சொந்தத் துக்கத்தின் சாயலால் அந்தப் படத்தின் மற்ற நான்கு கதைகளுக்கும் எட்டாத உயரத்தை அடைந்தது. இத்தகைய பேறு திட்டமிட்டு வருவதில்லை. ஐந்து கதைகளில் ஐந்துக்கும் வாய்க்கும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

ஜப்பானியரான கோபயாஷி 1964-இல் எடுத்து, மறு வருஷம் கான் விழாவில் ஜூரியின் விசேஷப் பரிசைப் பெற்ற 'க்வைதான்' படத்திலிருந்தும், அமெரிக்க வெளியீட்டின்போது நான்கு கதைகளில் ஒன்றான பனிப்பெண் கதை நீக்கப்பட்டது. அந்தக் கதையையே படத்தின் ஜீவனாகக் கருதும் ரசிகர்கள் பலர் உண்டு. கத்திரிக்கோலை எடுத்தவர்களுக்கு எது வேண்டாத பகுதி என்று திட்டமாகத் தெரிந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் இல்லை.

பணத்துக்காகவும் நேரத்தை நிரப்புவதற்காகவும் ஒட்டவைத்த கதைகள் இந்தப் படங்களில் உண்டு என்பதையும், அவை கண்டிக்கத் தக்கவை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வாறு கண்டிப்பதற்கு முன்னர், அந்தக் கதை தனியே எவ்வளவு தேறும் என்பதோடு, தனக்கு முன்னும் பின்னும் வரும் கதைகளுக்கு அது என்ன உபகாரம் செய்கிறது என்பதையும் விசாரிப்பது விமரிசகனின் கடமை. தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்ப்பவனுக்கு 'டெட் ஆஃப் நைட்' மூன்று நல்ல கதைகளும் இரண்டு சாதாரணக் கதைகளும் கொண்ட படம். ஐந்தையும் ஒரே மனிதனின் ஒரே கனவாகப் பார்ப்பவனுக்கோ, அவற்றில் எதை எடுத்தாலும் அந்தக் கனவு குறைப்பட்டுப் போகும்.