நானும் என் 400 மில்லிகிராமும்

ராத்திரி தோசை முடிஞ்சதும் உள்ளேயிருந்து "ஏங்க, மாத்திரை?" என்று குரல் வரும். இமாட்டினிப், 400 மில்லிகிராம். பெரிய டம்ளர் தண்ணீரோடு போடணும். வெறும் வயித்துல போட்டால் குமட்டும். காலையில் கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கும், வாக்கிங்கில் எதிரே வர்றவங்க "நேத்து தூங்கலையா சார்?" என்பார்கள். 2004லிருந்து இதே கதைதான். (அணுபுரம்னதும் உங்க புருவம் உயர்றது தெரியுது. நான் இங்கே வந்தது 2009ல், மகனுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைச்சப்போ. நோய் திருச்சியிலிருந்தே கூட வந்தது :-))

நோயின் பெயர் சி.எம்.எல். ஒரு வகை ரத்தப் புற்றுநோய். 9வது குரோமோசோமும் 22வதும் துண்டுகளை மாத்திக்கிட்டதால் வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். அந்தக் குட்டைக் குரோமோசோமை பிலடெல்பியாவில் கண்டுபிடித்தது 1960ல். மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001ல். அதுவரை இன்டர்ஃபெரான் ஊசி, இல்லைன்னா எலும்பு மஜ்ஜை மாற்று.

சொல்ல வந்தது அதோட விலைக் கதையை. நோவார்ட்டிஸின் கிளிவெக் மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். ஹைதராபாத் நாட்கோ மாதிரி நம்ம கம்பெனிகள் போட்டது 8,000லிருந்து 10,000. எனக்கு அதுவே மூச்சு முட்டியது. 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதை வைத்து 2004ல் சென்னை உயர்நீதிமன்றத்தில் சில கம்பெனிகளுக்குத் தடையும் வாங்கினார்கள். ஒவ்வொரு மாசமும் மருந்துக்கடையில் "அடுத்த மாசம் கிடைக்குமா?" என்று கேட்டுட்டுத்தான் காசு கொடுப்பேன். (அதே கம்பெனி ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது. அதையும் சொல்லணும்ல.)

அவங்க 1998லேயே சென்னையில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். இமாட்டினிபுக்கு இல்லைங்க, அதன் உப்பின் 'பீட்டா படிக' வடிவத்துக்கு. இங்கேதான் 2005ல் திருத்திய சட்டத்தின் 3(டி) பிரிவு குறுக்கே நின்றது. தெரிந்த மருந்துக்குப் புது வடிவம் கொடுத்தால் மட்டும் போதாது, அதனால் பலன் கூடணும். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் எதிர்த்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் தள்ளுபடி.

கம்பெனி அந்தப் பிரிவே செல்லாது என்று உயர்நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அதைத் தள்ளுபடி செய்தார்கள். 2004ல் தடை கொடுத்த அதே கோர்ட்! தீர்ப்பு வந்த பேப்பரை மடிச்சு என் ரிப்போர்ட் ஃபைலுக்குள்ள வச்சேன், இன்னும் இருக்கு.

விஷயம் உச்சநீதிமன்றம் வரை போனது. புது வடிவம் உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேருதுன்னு கம்பெனி சொன்னது. சேர்ந்தால் போதுமா, நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துதா என்று கேட்டது கோர்ட். அப்பீல் தள்ளுபடி. தேதி 2013 ஏப்ரல் 1. மகன் போனில் சொன்னப்போ ஏப்ரல் ஃபூல் பண்றான்னே நினைச்சேன். வீட்டம்மா 3(டி)யை எல்லாம் கேட்கலை. "அப்போ மாத்திரை கிடைக்கும்தானே?" என்று மட்டும் கேட்டுட்டு அடுப்பை அணைக்கப் போயிட்டாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுறது, குறைக்கிறது, நிறுத்துறது எல்லாம் உங்க டாக்டரைக் கேட்டுத்தான்.