வூஜோவின் மதிலும் மதுவும்

பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்திலே, டிஜோன் நகருக்குத் தெற்கே, வூஜோ என்னும் சிற்றூர் உளது. அவ்வூரின் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம் 'க்ளோ த வூஜோ' என வழங்கப்படும். மதில் சூழ்ந்த நிலம் என்பதே 'க்ளோ' என்னும் சொல்லின் பொருள். ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்தின் செந்நிற மதுவைப் புகழ்வோர் பலர். அம்மதிலுக்குள் உழைத்தவர் யார், உடைமை கொண்டாடியவர் யார் என வினவுவோர் மிகச் சிலரே.

1098இல் நிறுவப்பெற்ற சீத்தோ மடத்துத் துறவிகள், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே நன்கொடையாகவும் விலைக்கும் நிலங்களைப் பெற்று இங்கு கொடிகளை நட்டனர். வழிபாட்டோடு உடலுழைப்பும் அவர்தம் விதியாயிருந்தது. ஆயினும், மடத்தினுள்ளேயே உழைப்புப் பிரிவினை வேரூன்றியது. திருப்பாடல் ஓதும் துறவியர் ஒருபுறம். மண் கொத்தியும் கொடி கத்தரித்தும் வாழ்ந்த, பெரும்பாலும் எழுத்தறிவற்ற பணிச் சகோதரர் மறுபுறம். 1336 அளவில் மதில் எழுந்தது. 1551இல் மாளிகை எழுந்தது. திராட்சை பிழிந்த மாபெரும் மரப் பொறிகளை இன்றும் அங்கே காணலாம்.

இத்தோட்டத்தின் மேற்சரிவு சுண்ணாம்புக் கற்கள் மிகுந்தது. நீர் எளிதில் வடியும். கீழ்ப்பகுதியோ களிமண் சார்ந்தது; அங்கு ஈரம் தேங்கும். ஆகவே 'பினோ நுவார்' என்னும் ஒரே இனக் கொடி, மேலே ஒரு சுவையையும் கீழே வேறொரு சுவையையும் தருகின்றது. இந்நுட்பம் தெய்வ அருளால் வெளிப்பட்டதன்று. தலைமுறை தலைமுறையாக மண்ணைத் தொட்ட கைகள் கண்டறிந்த அறிவு அது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் நாள் திருச்சபைச் சொத்துக்கள் தேசத்தின் உடைமையாக்கப்பட்டன. மதில் தகர்ந்தது எனக் குடியானவன் எண்ணியிருக்கலாம். ஆனால், 1791இல் தோட்டம் துண்டாடப்படாமல் ஒரே சொத்தாக விற்பனையாயிற்று. அதனை வாங்கும் பணம் கொடி கத்தரித்தவனிடம் எங்ஙனம் இருக்கும்? மடாதிபதி சென்ற வழியே பணமுதலாளி வந்தான். 1818இல் அது ஊவ்ரார் குடும்பத்தின் வசமாகி, 1889 வரை அவர்களிடமே இருந்தது. இதனாற் புரட்சி வீணாயிற்று என்பதன்று. நிலமானியத்தின் தளைகளை அது அறுத்தெறிந்தது. மூலதனத்தின் தளையை அறுப்பது அதன் வரலாற்றுப் பணியாய் அமையவில்லை.

1889இல் தோட்டம் வணிகர்களுக்குப் பிரித்து விற்கப்பட்டது. பின்னர் வாரிசுரிமையும் விற்பனையும் அதனை மேலும் கூறாக்கின. இன்று ஏறத்தாழ எண்பது உடைமையாளர் அதனைப் பங்கிட்டுள்ளனர். சிலருக்குச் சில கொடிவரிசைகளே உள. மேற்சரிவின் மதுவும் கீழ்ச்சரிவின் மதுவும் ஒரே பெயர் தாங்கியே சந்தைக்கு வருகின்றன. அப்பெயருக்கு 1937இல் சட்டப் பாதுகாப்பும் கிட்டியது.

2015இல் யுனெஸ்கோ பர்கண்டியின் திராட்சை நிலங்களை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. போற்றத்தக்கதே. ஆனால், மரபு என்பது மதிலும் மாளிகையும் மட்டுமன்று. மது நிறைந்த கிண்ணத்திலே மண்ணின் மணத்தைத் தேடுவோர், அம்மண்ணைப் பண்படுத்திய பெயரற்ற மனிதரின் வியர்வையையும் உணர வேண்டும். உடைமையாளரின் பெயர்ப்பட்டியல் வரலாற்றின் ஒரு பாதியே. உழைத்தோரின் கதையே அதன் மறுபாதி.