கரும்பலகையும் பதிவேடும்

வகுப்பறையில் கரும்பலகைக்கு ஒரு பணி. வருகைப் பதிவேட்டுக்கு வேறொரு பணி. பலகையில் எழுதியதை அனைவரும் உடனே காண்பர். மணி அடித்ததும் அஃது அழிக்கப்படும். பதிவேட்டைப் புரட்டித் தேடக் காலம் பிடிக்கும். ஆயின் அதில் எழுதியது நிலைத்து நிற்கும். கணினியுலகிலும் இவ்விரு பணிகளைப் பிரித்தறிவது பெரும்பாடாகவே இருந்து வந்துள்ளது.

1965ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ், பெரிய நினைவகத்தின் முன்னே விரைவுமிக்க சிறிய நினைவகம் ஒன்றை நிறுத்தலாம் என எழுதினார். மூலம் பின்னே இருக்கும். அடிக்கடி வேண்டப்படுவதன் படி மட்டும் முன்னே இருக்கும். 1968இல் ஐபிஎம் நிறுவனம் தன் 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் இதனை வணிகக் கணினிக்குக் கொணர்ந்தது. மறைத்து வைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்த 'கேஷ்' என்னும் பெயரும் அப்போதே வழங்கலாயிற்று.

இணையம் பெருகியபின் இக்கருத்து புதுவடிவம் பெற்றது. லைவ்ஜர்னல் தளத்தை நிறுவிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், 2003இல் பல கணினிகளில் எஞ்சிக் கிடந்த நினைவகத்தைச் சேர்த்துப் பயன்படுத்தும் 'மெம்கேஷ்டி' என்னும் மென்பொருளை ஆக்கினார். ஒரே வினாவைத் தரவுத்தளத்திடம் ஓயாமல் கேட்கும் வீண்வேலை குறைந்தது. இடம் நிரம்பினால் நெடுநேரம் தேடப்படாததை அது தள்ளிவிடும். மின்சாரம் நின்றால் அனைத்தையும் மறந்துவிடும். இது குறையன்று, அதன் இயல்பு.

2006இல் அமேசான் வாடகைக் கணினிகளை வழங்கத் தொடங்கியபோது வேறொரு மயக்கம் நேர்ந்தது. கணினியை விடுவித்தால் அதன் வட்டில் இருந்தவையும் மறைந்தன. வட்டில் உள்ளது நிலைக்கும் என்னும் பழைய நம்பிக்கை பொய்த்தது! கணினி நீங்கினும் நிலைக்கும் தனி வட்டுகள் 2008இல்தான் வந்தன. 2009இல் சால்வதோரே சான்ஃபிலிப்போ ஆக்கிய ரெடிஸ், நினைவகத்தில் இயங்கிக்கொண்டே வட்டிலும் எழுத வல்லது. நொடிக்கொரு முறை எழுதுமாறு அமைத்தால், விபத்தில் கடைசி நொடியின் பதிவுகள் தொலையலாம். பார்வையாளர் எண்ணிக்கைக்கு அது பொருட்டன்று. வங்கிக் கணக்குக்கோ பொறுக்கலாகாதது.

இவ்விரண்டின் உறவு எத்துணை நுட்பமானது என்பதை 2010 செப்டம்பர் 23 காட்டிற்று. அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முடங்கியது. கேஷில் பிழையான அமைப்பு மதிப்பு தென்பட்டால், நிலைச்சேமிப்பிலிருந்து சரியானதைப் பெற்று மாற்றும் தானியங்கி முறை ஒன்று அங்கிருந்தது. மூலம் பிழைபடாது என்பதே அதன் அடிப்படை. அன்றோ, மூலத்திலேயே செய்யப்பட்ட ஒரு மாற்றம் பிழையெனக் கொள்ளப்பட்டது. எல்லாக் கணினிகளும் ஒருசேரத் திருத்தத்திற்கு விரைந்தன. நொடிக்கு இலட்சக்கணக்கான வினாக்கள் தரவுத்தளங்களைத் தாக்கின. அவை விடை தர இயலாது திணறியபோது, அத்திணறலையும் பிழையான மதிப்பென்றே கருதிய கணினிகள், கேஷில் இருந்த படியையும் அழித்தன. படி அழிய அழிய, மூலத்தைத் தேடும் வினாக்கள் மேலும் பெருகின. மூலமே பிழைபட்டபின் படியைத் திருத்தி யாது பயன்? பொறியாளர்கள் அத்தரவுத்தளங்களுக்குச் செல்லும் போக்குவரத்தை முற்றிலும் நிறுத்தினர், தளமே மூடப்பட்டது. தரவுத்தளங்கள் மீண்டபின், பயனர்களைச் சிறிது சிறிதாக உள்ளே விட்டனர். அத்தானியங்கித் திருத்த முறையையும் நிறுத்தி வைத்தனர்.