மலேசிய நினைவு நாணயங்கள்

மலேசிய நினைவு நாணயங்கள் என்பவை, நாட்டின் முக்கிய நிகழ்வுகளையும் ஆட்களையும் குறிக்க பேங்க் நெகாரா மலேசியா வெளியிடும் சிறப்புக் காசுகள். இவை சட்டப்படி செல்லுபடியாகும். எனினும் சாயாக்கடையில் இவற்றை நீட்டுவோர் அரிது. பெரும்பாலும் பெட்டியோடு அலமாரிக்குப் போய்விடுகின்றன.

நினைவு நாணயக் கலைக்கு வழிகாட்டியது பிரான்சின் பதக்கக் கலை. 1868இல் பதக்கக் கலைஞர் ஊபெர் போன்ஸ்கார்ம், ஜோசப் நோதேயின் உருவம் தாங்கிய பதக்கத்தில், தடித்த விளிம்பை நீக்கி எழுத்துகளை உருவத்தோடு இசையவைத்தார். பதக்கக் கலைஞர்களான சாப்லேனும் ஒஸ்கார் ரோத்தியும் அவ்வழியை வளர்த்தனர். பெரிய அளவில் வனைந்த உருவத்தை அச்சின் அளவுக்குச் சுருக்கிச் செதுக்கும் இயந்திரம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 1899இல் ழான்வியே காப்புரிமை பெற்ற அவ்வகை இயந்திரம் பிற நாட்டு நாணயச் சாலைகளுக்கும் பரவியது. ரோத்தி 1887இல் வேளாண் அமைச்சின் பதக்கத்துக்காக வரைந்த விதைக்கும் பெண், அன்று பயன்படாமல் கிடந்து, 1897இல் பிரெஞ்சு வெள்ளிக் காசில் ஏறினாள். பதக்கத்துக்கும் காசுக்கும் இடையிலிருந்த வேலி அதற்குப் பின் உறுதியாக நிற்கவில்லை எனலாம்.

மலேசியாவுக்கு வருவோம். 1959இல் தொடங்கிய பேங்க் நெகாரா, 1967 ஜூன் 12 அன்று சொந்தப் பணத்தை வெளியிட்டது. முதல் நினைவு நாணயம் 1969இல் வந்தது: வங்கியின் பத்தாண்டு நிறைவுக்கான ஒரு வெள்ளி (ரிங்கிட்) மதிப்புள்ள காசு, பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் முகத்துடன். 1971இல் ஷா ஆலமில் நாணயச் சாலை இயங்கத் தொடங்கியதால், உள்நாட்டிலேயே காசு அச்சடிக்க வழி பிறந்தது.

1972 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் மாநகராக உயர்ந்ததற்கும் ஒரு வெள்ளி மதிப்புள்ள காசு வெளிவந்தது. ஈய லம்பங்களால் (சுரங்கங்களால்) எழுந்த ஊர் அது. அதன் நினைவுக் காசோ செம்பும் நிக்கலும் கலந்தது!

1976இன் வனவிலங்குப் பாதுகாப்புத் தொடரே இவ்வரிசையில் தலைசிறந்தது. 15 வெள்ளியில் செலாடாங் என்னும் காட்டெருது, 25 வெள்ளியில் இருவாய்ச்சி, 500 வெள்ளித் தங்கக் காசில் தாபிர். நிகழ்ச்சியின் பெயரை உரக்கச் சொல்லும் வேலை இங்கே இல்லாததால், உருவமே பேசுகிறது. பதக்கக் கலைஞர்கள் நாடியதும் இதைத்தான். அடுத்து வந்த 1977 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டி, 1982இன் விடுதலை வெள்ளிவிழா முதலிய வெளியீடுகள் வரலாற்றுக் குறிப்பாகப் பயன்படுவன. கலையாக அந்த உயரத்தை எட்டவில்லை.

நாட்டின் நாணய வரலாற்றை விளக்கும் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் 2011 முதல் கோலாலம்பூர் சாசானா கிஜாங் கட்டடத்தில் இயங்குகிறது.